உபவாசமா, உண்ணாவிரதமா?

ஸ்தோத்திரம் சகோதரி. நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் சபையில் வருகிற மாதம் 21 நாள் 'தானியேல் உபவாசம்' அறிவித்திருக்கிறார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. உங்களுக்கு 46 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறீர்கள். மகளுக்கு மூன்று வருடமாக வரன் அமையவில்லை. 21 நாளையும் முறிக்காமல் முடித்தால் தடை உடையும் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஒரு காபி குடித்தால் உபவாசம் முறிந்துவிடுமா, மாத்திரையை அந்த நாட்களில் நிறுத்தலாமா, இப்படி இருந்தால் ஜெபம் கட்டாயம் கேட்கப்படுமா? இவைதானே மூன்று கேள்விகள்.

நடுக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். திருச்சபை வரலாறு பாடம் எடுத்தே தலை நரைத்தவன் நான், சுருக்கமாகப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. உண்ணாவிரதம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே பந்தல், பின்னால் பேனர், முன்னால் மைக். நாங்கள் பட்டினி கிடக்கிறோம், நீங்கள் இறங்கி வாருங்கள் என்பதுதான் அதன் கணக்கு. கோரிக்கை நிறைவேறினால் பழச்சாறு கொடுத்து முடித்துவைப்பார்கள். அரசியலில் அது நியாயமான ஆயுதம், அதைக் குறை சொல்லவில்லை. உபவாசம் வேறு சொல். 'உப' என்றால் அருகே, 'வாசம்' என்றால் தங்குவது. சமஸ்கிருதத்திலிருந்து வந்து நம் மண்ணில் விரதம் இருப்பவர்களிடம் ஏற்கெனவே புழங்கிய சொல்லைத்தான் வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அருகே போய் உட்காருவதற்கும் எதிரே போய் உட்காருவதற்கும் எவ்வளவு தூரம்! நான் போய்வந்த உபவாசக் கூட்டங்களில் பாதி, பெயருக்கு உபவாசம், நடப்பது உண்ணாவிரதம். பரலோகத்தின் வாசலில் பந்தல் போட்டுக் கோரிக்கை மனு வாசிக்கிறோம்.

அப்படி உட்கார்ந்தால் நினைத்தது நடக்குமா என்பதற்கு வேதத்திலேயே தாவீதின் கதை இருக்கிறது, இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரம். பிள்ளை சாகக் கிடக்கிறது. ராஜா தரையில் விழுந்து கிடக்கிறார், வீட்டுப் பெரியவர்கள் எழுப்பினாலும் எழவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் பிள்ளை இறந்துபோகிறது. சொல்லவே வேலைக்காரர்களுக்குப் பயம், உயிரோடிருக்கும்போதே இப்படிக் கிடந்தவர் இப்போது என்ன செய்துகொள்வாரோ என்று தங்களுக்குள் கிசுகிசுக்கிறார்கள். அவர் அதைக் கவனித்துவிடுகிறார். எழுந்து குளிக்கிறார், எண்ணெய் பூசுகிறார், உடை மாற்றுகிறார், கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொள்கிறார், வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறார். இது என்ன விசித்திரம் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பிள்ளை உயிரோடிருந்தபோது கர்த்தர் ஒருவேளை இரங்குவாரோ என்று உபவாசித்தேன், இனி நான் உபவாசித்து அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?

அந்த 'ஒருவேளை'யைக் கவனியுங்கள். நினிவே ராஜாவும் அப்படித்தான் பேசுகிறார், 'யாருக்குத் தெரியும்' என்கிறார். யோவேல் தீர்க்கதரிசியும் 'யாருக்குத் தெரியும்' என்றே சொல்கிறார். உபவாசித்தவர்கள் யாரும் ரசீது கையில் வைத்துக்கொண்டு உட்காரவில்லை. தாவீது ஏழு நாள் இருந்தும் கேட்டது கிடைக்கவில்லை. அதனால் அவர் உபவாசம் பொய்த்துப்போனது என்று வேதம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. எழுந்ததும் அவர் முதலில் போன இடம் ஆலயம். ஆகவே மகளுடைய கல்யாணத்துக்காகத் தாராளமாக ஜெபியுங்கள், உபவாசித்தும் ஜெபியுங்கள். ஆனால் 17ஆம் நாள் மயக்கம் வந்து ஒரு வாய்க் கஞ்சி குடித்துவிட்டதால்தான் வரன் தட்டிப்போனது என்று நாளைக்கு யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். இப்படிச் சொல்லிக் குற்ற உணர்வில் குமைந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் குரல் கொஞ்சம் உயர்கிறது.

அப்படியானால் எதற்காகத்தான் சாப்பிடாமல் இருக்கிறது? சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டோம். யாரும் சட்டம் போட்டு வைத்ததல்ல அது. தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் காபி போட்டுக்கொண்டு வருவார்கள். வேதத்தில் உபவாசம் பெரும்பாலும் இந்த அடுப்பு மூட்டாத வீட்டின் ஜாடையில்தான் இருக்கிறது. சவுலின் எலும்புகளை அடக்கம்பண்ணிவிட்டு யாபேஸ் ஊரார் ஏழு நாள் உபவாசித்தார்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறதென்று கேட்டதும் நெகேமியா உட்கார்ந்து அழுது உபவாசித்தார். லேவியராகமம் 16இல் பாவநிவாரண நாளுக்குச் சொல்லியிருப்பது 'ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துவது'. அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற 'நெஃபெஷ்' என்ற சொல்லுக்கு உயிர், ஆத்துமா என்பதோடு தொண்டை, பசி என்றும் பொருள் உண்டு. தொண்டையைத் தாழ்த்துவதும் ஆத்துமாவைத் தாழ்த்துவதும் அவர்களுக்கு ஒரே சொல்லில் அடங்கியது. இயேசுவும், மணவாளன் கூட இருக்கும்போது தோழர்கள் துக்கப்படுவார்களா, மணவாளன் எடுபட்டுப்போகும் நாள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்றார். ஒரு பிரிவுக்காக அடுப்பை அணைத்து வைத்திருக்கிறோம், அவ்வளவே. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், ஆகவே அன்று உபவாசம் கிடையாது. லெந்து என்கிற 40 நாள் உபவாசக் காலத்தை, அது தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40.

இப்போது தானியேல். அந்த 21 நாள் கணக்கு பத்தாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. மூன்று வாரம் துக்கித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் தானியேல். ருசியான அப்பம் சாப்பிடவில்லை, இறைச்சியும் திராட்சரசமும் வாயில் படவில்லை, எண்ணெய் பூசவில்லை. அதாவது சாப்பிட்டார், ருசியானதை விட்டுவிட்டுச் சாப்பிட்டார். முதலாம் அதிகாரத்தில் பத்து நாள் சோதனையிலும் பருப்பு, கீரை மாதிரி ஆகாரமும் தண்ணீரும் உண்டு. தண்ணீர்கூட இல்லாத உபவாசத்துக்கு வேதத்தில் ஆள் வேண்டுமென்றால் எஸ்தர் மாதிரிச் சிலரிடம்தான் போகவேண்டும், எஸ்தர் இருந்ததும் மூன்று நாள், ஒரு ஜனமே அழியப்போகிற நெருக்கடியில். உங்கள் சபையார் எஸ்தரின் கட்டுப்பாட்டை எடுத்து, தானியேலின் நாட்கணக்கோடு பெருக்கி, பெயரை மட்டும் தானியேலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தப்பான எண்ணத்தில் செய்திருக்கமாட்டார்கள். ஆனாலும் பெயருக்கேற்ற உபவாசமாக இருக்கட்டுமே: 21 நாளும் மீன், கறி, இனிப்பு, காபி விட்டு, கஞ்சியும் காயுமாக இருந்தால் அதுதான் அசல் தானியேல் உபவாசம். உங்கள் போதகரிடம் மரியாதையாக இதைத் திறந்துகாட்டலாம்.

உபவாசக் கூட்டங்களில் தவறாமல் வருகிற இன்னொரு வசனம், 'இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றிப் புறப்பட்டுப்போகாது' என்கிற மத்தேயு 17:21. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனமே இல்லை. அதற்கு இணையான மாற்கு 9:29இல் அதே பிரதிகளில் ஜெபம் மட்டும் இருக்கிறது. உபவாசம் என்ற சொல் பின்னால் வந்த பிரதிகளில் சேர்ந்தது. அதனால்தான் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளியிருப்பார்கள். உபவாசம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிரதி எடுத்த துறவிகள் தாங்கள் அனுதினம் செய்ததை வசனத்திலும் எழுதிவிட்டார்கள் போலும். ஆனால் ஒரு கோட்பாட்டையே அந்த ஒற்றைச் சொல்லின் தலையில் ஏற்றுவது சரியல்ல.

சரி, காபிக்கு வருவோம்.

காபி குடித்தால் உபவாசம் முறியுமா என்பதற்கு 2000 வருடத் திருச்சபையிடம் ஒரே பதில் இருந்ததில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட டிடாக்கே என்கிற சிறு நூல், மாயக்காரர் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. எதைச் சாப்பிடலாம் என்று ஒரு சொல் இல்லை. (மாயக்காரரைப்போல் இருக்காதே என்று ஆண்டவர் சொன்னதை இவர்கள் கிழமையை மாற்றிச் சமாளித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.) இரண்டாம் நூற்றாண்டிலேயே ஈஸ்டருக்கு முந்தின உபவாசத்தைச் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் 40 மணிநேரம் வைத்திருக்கிறார்கள். இதை ரோமாபுரி ஆயருக்கு எழுதிய இரேனியு என்கிற ஆயர், வேறுபாடு இருந்தும் சமாதானமாக இருக்கிறோமே என்று சந்தோஷப்படுகிறார். 40 நாள் என்பது 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் விதியில் சர்வசாதாரணமாகத் தலைகாட்டுகிறது.

பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீனின் அம்மா மோனிக்காவுக்கும் உங்கள் மாதிரி ஒரு சந்தேகம் வந்தது. அவர் ஊர் வழக்கப்படி சனிக்கிழமை உபவாசம் உண்டு. மிலான் நகரத்துக்கு வந்து பார்த்தால் அங்கே சனிக்கிழமை சாப்பிடுகிறார்கள். மகனை அனுப்பி ஆயர் அம்புரோசிடம் கேட்கச் சொன்னார். அம்புரோஸ் சொன்ன பதில்: நான் ரோமுக்குப் போனால் சனிக்கிழமை உபவாசிக்கிறேன், இங்கே இருந்தால் உபவாசிப்பதில்லை, நீங்களும் எந்தச் சபைக்குப் போகிறீர்களோ அந்தச் சபையின் வழக்கப்படி இருங்கள். அந்த அம்மா அதை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று அகுஸ்தீன் எழுதுகிறார்.

அப்புறம் ஊருக்கு ஊர் மாறியதைச் சொன்னால் விடிந்துவிடும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் விசுவாசிகள் இன்றைக்கும் ஆண்டில் 180 நாளுக்குமேல் கறி, பால், முட்டை தொடுவதில்லை. பெரிய லெந்து மட்டுமே அவர்களுக்கு 55 நாள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் ஐம்பது நோன்பு, இருபத்தைந்து நோன்பு, செப்டம்பர் முதல் எட்டு நாள் மாதாவுக்கான எட்டு நோன்பு, யோனாவை நினைத்து மூன்று நோன்பு என்று வருடமே நோன்பால் பின்னப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கருக்கு இப்போது கட்டாயம் என்பது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். 18 வயதிலிருந்து 59 முடியும்வரை அந்த இரண்டு நாளும் ஒருவேளை முழுச் சாப்பாடு. பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகத்தில் இதற்கு 'ஒருசந்தி' என்றும், கறி விலக்குவதற்குச் 'சுத்தபோசனம்' என்றும் பெயர். எனக்கு மிகவும் பிடித்த இரண்டு தமிழ்ச் சொற்கள் இவை.

என் அம்மா கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா சி.எஸ்.ஐ. அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. காலையில் பல் விளக்கும்போது பாட்டி பக்கத்திலேயே நின்று, 'துப்பு, முழுங்கிடாத, துப்பு' என்பாராம். ஒரு வாய் உள்ளே போனால் அன்றைக்கு நன்மை கிடையாது. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்று தளர்த்தினார். 1957இல் மூன்று மணிநேரம் போதும் என்றானது, 1964இல் ஒரு மணிநேரமாயிற்று. 'அப்ப நான் துப்புனதெல்லாம்?' என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபக்கமும் உண்டு. 1522 லெந்து நாட்களில் சூரிக் நகரத்தில் கிறிஸ்டோப் ஃபுரோஷௌவர் என்கிற அச்சுக்கூடக்காரர் வீட்டில் சிலர் கூடி வேண்டுமென்றே தொத்திறைச்சியை வெட்டித் தின்றார்கள். பவுலின் நிருபங்களை இரவு பகலாக அச்சடிக்கிறோம், என் ஆட்களுக்குத் தெம்பு வேண்டாமா என்பது அவர் வாதம். அங்கே இருந்த சீர்திருத்தப் போதகர் சுவிங்கிளி தான் தின்னவில்லை, ஆனால் உணவைப் பற்றிய சட்டத்தால் மனச்சாட்சியைக் கட்டக்கூடாது என்று பிரசங்கித்து அதை அச்சிலும் போட்டார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் அந்த இறைச்சித் துண்டில் தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதற்காகச் சீர்திருத்தக்காரர்கள் உபவாசத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் புதனும் வெள்ளியும் விடாமல் இருந்தவர்.

ஆகவே காபியால் உபவாசம் முறியாது. முறிந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட தீர்மானம் முறியும், அது வேறு. காபியை விடுவதாகத் தீர்மானித்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் முன்னாலிருந்தே இரண்டை ஒன்றாக, ஒன்றை அரையாகக் குறைத்து வாருங்கள். உபவாசத்தின் முதல் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலியைப் பலர் ஆவிக்குரிய போராட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக்குமேல் அது காபி கேட்கிற தலைவலி.

தண்ணீர், காபி, நேரம் என்று நாம் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறபோது வேதம் வேறு ஒன்றைக் கேட்கிறது. ஏசாயா 58இல் ஜனங்கள் குறைப்படுகிறார்கள்: நாங்கள் உபவாசிக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை? (கவனித்தீர்களா, உண்ணாவிரதப் பந்தல் அன்றைக்கே இருந்திருக்கிறது.) பதில் வருகிறது: உபவாச நாளில்தான் உன் வேலைக்காரனை வாட்டி வேலை வாங்குகிறாய். நான் விரும்பும் உபவாசம் நுகத்தடியை முறிப்பது, பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது, வீடில்லாதவனை வீட்டில் சேர்ப்பது. உபவாசம் இருந்துகொண்டே வீட்டு வேலைக்கு வருகிற பெண்மேல் எரிந்து விழுந்தால் ஏசாயா பேசுவது நம்மைப்பற்றித்தான்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எர்மாஸ் என்பவர் எழுதிய 'மேய்ப்பன்' நூலில் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிடு, அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. எனக்குத் தெரிந்த உபவாச போதனைகளில் இவ்வளவு நேராக ஒன்று கிடையாது. நாம் பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி இரண்டு மடங்கு சாப்பிட்டால் மளிகைக் கடைக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எர்மாஸின் கணக்கில் யாரோ ஒருவர் வீட்டு உலை கொதிக்கும்.

387ஆம் வருட லெந்தில் அந்தியோகியாவில் பேர்போன பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் இதையே வேறு திக்கிலிருந்து சொன்னார். புது வரி போட்டதில் கொதித்த ஜனங்கள் பேரரசர் தெயோதோசியுவின் சிலைகளைத் தள்ளி உடைத்துவிட்டார்கள், தண்டனை என்ன வரப்போகிறதோ என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பயத்தில் எல்லோருக்கும் பக்தி முற்றிவிட்டது. அவர் கேட்டார்: கோழியும் மீனும் தின்னவில்லை, சரி. சகோதரரைக் கடித்துத் தின்கிறீர்களே, அதற்கு என்ன? வாய் மட்டும் உபவாசித்தால் போதாது, கண்ணும் காதும் கையும் காலும் இருக்கவேண்டும் என்றார். புறணி பேசாத 21 நாள் என்று எந்தச் சபையாவது அறிவித்துப் பார்த்தால் எத்தனை பேர் கைதூக்குவார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

நம் ஊர்த் திருச்சபையில் எர்மாஸைப் படிக்காமலே எர்மாஸின் வழியைக் கண்டவர்கள் பெண்கள். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், பிடியரிசி. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அந்த ஒரு பிடி யார் வயிற்றில் குறைந்தது என்று கேட்டால் பதில் வராது, பெரும்பாலும் அளந்தவரின் வயிற்றில்தான்.

அப்பா வழிப் பாட்டி லெந்து வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை சாப்பிடமாட்டார். இது எங்களுக்கு அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. மற்ற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க நேரமில்லை என்பவர், வெள்ளிக்கிழமை மட்டும் நன்றாக எண்ணெய் தேய்த்து வாரிக் கொண்டை போட்டிருப்பார். மத்தியானம் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, சாப்பிடாத தன் தட்டையும் கழுவி, மற்றத் தட்டுகளோடு ஈரமாகக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவர் சாப்பிட்டாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். சித்திதான் ஒருநாள் கண்டுபிடித்திருக்கிறார். 'யாருட்டயும் சொல்லாத' என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். 'நீயோ உபவாசிக்கும்போது உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு' என்ற வசனத்துக்கு நான் எத்தனையோ விளக்கவுரை படித்துப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த ஈரத் தட்டை எந்த விளக்கவுரையிலும் பார்க்கவில்லை. இப்போது 'உபவாசம், நாள் 7' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். சரி, அவரவர் காலம்.

உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் எடுத்தால் தாழ்நிலைச் சர்க்கரை வரும். மாத்திரையையும் சேர்த்து நிறுத்தினால் மாலையில் சாப்பிட்டதும் எகிறும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் தண்ணீரும் இல்லாமல் கிடந்தால் ரத்தத்தில் அமிலம் சேர்கிற ஆபத்து உண்டு. எனவே உங்கள் மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள். வெட்கப்படவே வேண்டாம், ரம்ஜான் நோன்புக்காக மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்துப் பழகிய டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இருக்கலாம் என்று சொல்லி இருக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால், அல்லது கருவியில் 70க்குக் கீழே காட்டினால், கூட்டத்தின் நடுவிலானாலும் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணிநேரம் கழித்து மறுபடி பாருங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வளரும் பிள்ளைகள் இவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு ஏற்றதல்ல. சாப்பாட்டைக் கண்டாலே பயந்து ஒதுக்கும் நோய் உள்ள இளம்பெண்களுக்கு உபவாசம் நெருப்பில் எண்ணெய்.

நாட்கணக்கில் நீளும் உபவாசத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். நம் நாட்டுச் சுவிசேஷகர் சாது சுந்தர் சிங் 1913இல் டேராடூன் பக்கத்துக் காட்டில் 40 நாள் உபவாசிக்கப் போனார். நாளுக்கு ஒன்றாக எடுத்துப்போட 40 கற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சில நாளிலேயே கல்லை எடுத்துப்போடக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. மரம் வெட்ட வந்தவர்கள் நினைவில்லாமல் கிடந்தவரைக் கண்டு தூக்கிவந்தார்கள். அவர் இறந்துவிட்டதாக நண்பர்களுக்குத் தந்திகூடப் போனது. அந்த நாட்களில் தனக்குப் பெரிய சமாதானம் கிடைத்ததென்று அவர் சொல்லியிருக்கிறார், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவருக்கு 23 வயது, காட்டில் நடந்து பழகிய உடம்பு, அவருக்கே இந்த நிலை. கென்யாவில் ஷகஹோலா காட்டில் 2023இல் நடந்தது இதைவிடக் கொடூரம். பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று நம்பவைக்கப்பட்ட கூட்டம், தோண்டி எடுத்த உடல்கள் 400க்கு மேல், அதில் பிள்ளைகள் எத்தனையோ. உபவாசத்தை முறித்தால் கடவுள் தண்டிப்பார் என்று யார் பேசினாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டாய உபவாசம் எப்படி முடியும் என்பதற்கு முதலாம் சாமுவேல் 14ஐ வாசியுங்கள். சாயங்காலம்வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று சவுல் சத்தியம் போடுகிறார், நடுப்போரில். யோனத்தான் தெரியாமல் கொஞ்சம் தேனை எடுத்து வாயில் வைக்கிறார், கண் தெளிகிறது. மற்றவர்கள் விடாய்த்துப்போகிறார்கள். கெடு முடிந்ததும் கொள்ளையடித்த ஆடுமாடுகளின்மேல் பாய்ந்து ரத்தத்தோடேயே தின்கிறார்கள். உபவாசக் கூட்டம் முடிந்து பிரியாணிப் பந்திக்கு ஓடுகிற காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம்தான் நினைவுக்கு வரும். பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்குக் கஞ்சியும் துவையலும் போதும். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து சில கோயில்களில் கஞ்சி ஊற்றுகிறார்களே, அதைத் தொடங்கிவைத்தவர் யாரோ, வயிற்றைப் புரிந்தவர்.

வனாந்தரத்துத் துறவிகளுக்கு இந்த விவேகம் நிறைய இருந்தது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்துக்குப் போன யோவான் கசியான் என்கிற துறவி ஒரு பெரியவரிடம், விருந்தாளி வந்ததும் உபவாசத்தை இப்படிச் சட்டென்று முறித்துவிடுகிறீர்களே என்று கேட்டார். உபவாசம் எப்போதும் என்கூடத்தான் இருக்கும், உன்னை நான் எப்போதும் வைத்துக்கொள்ள முடியாதே என்றார் அவர். இன்னொரு பெரியவர் கசியானுக்குப் பரிமாறி இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று இவர் சொன்னதும், இன்றைக்கு ஆறு பேருக்குத் தனித்தனியாகப் பந்தி வைத்து ஆறு பேரோடும் சாப்பிட்டேன், எனக்கு இன்னும் பசிக்கிறது, உனக்கு முதல் பந்தியிலேயே நிறைந்துவிட்டதா என்று கேட்டாராம்.

உங்கள் விஷயத்துக்கு நான் சொல்வது இது. டாக்டரைப் பாருங்கள். போதகரிடம் தனியாகப் போய்ச் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், சொல்லாமல் இருந்து மயங்கி விழுந்தால் அவருக்கும் சங்கடம். 21 நாளும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் டாக்டர் சொல்லும் அளவில் எளிய சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள், ருசியானதை மட்டும் விடுங்கள். தண்ணீரை விடவே வேண்டாம். சமைக்கிற வேலை குறைந்ததில் மிஞ்சுகிற நேரத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் டிவி ஓடினால் அது வெறும் டயட். மீன், கறி, இனிப்பு, காபிக்கு மாதம் என்ன செலவாகிறது என்று ஒரு தாளில் எழுதி, 21 நாளுக்கு உரியதை ஒரு டப்பாவில் போட்டுவாருங்கள். யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க அதிக தூரம் போகவேண்டியிருக்காது.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவளுடைய கல்யாணத்துக்காக ஒரு சபையே பட்டினி கிடக்கிறதென்று தெரிந்தால் அந்தப் பெண் எவ்வளவு கூனிப்போவாள்? ஜெபக் குறிப்பில் அவள் பெயரை வாசிக்காமல், உங்களுக்குள்ளே வைத்துக்கொண்டு ஜெபிக்கலாமா என்று பாருங்கள். இந்த 21 நாளில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்கு ஒரு காபி போட்டு இரண்டு பேரும் குடித்தாலும் தவறில்லை.